ரெண்டு சத்தியம், ஒரு ஓட்டு

மதுரையில் மீனாட்சியம்மன் தேர், தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல், கத்தோலிக்கருக்குப் பெரிய வியாழன். 2019 ஏப்ரல் 18 இந்த மூன்றையும் ஒரே தலையில் சுமந்துகொண்டு விடிந்தது. தமிழக ஆயர் பேரவை தேதியை மாற்றக் கேட்டுப் பார்த்தது. கிறிஸ்தவ அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றப் படி வரை ஏறியது. தேதி அசையவில்லை. தேருக்காக மதுரைத் தொகுதியில் மட்டும் ஓட்டுப்பதிவை இரவு எட்டு மணி வரை நீட்டினார்கள். பேரையூர் மதுரை மாவட்டம்தான். மதுரை மக்களவைத் தொகுதி அல்ல. ஆகவே அந்த இரண்டு மணி நேரம் இந்தப் பக்கம் கிடையாது. ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். பங்குச் சாமி கணக்குப் போட்டுப் பார்த்து மாலைப் பூசையை ஏழு மணிக்குத் தள்ளி வைத்திருந்தார்.

மூன்றரை மணி. பேரையூரை ஒட்டிய ஒரு கிராமத்துக் கோவிலின் வடபுறத் தாழ்வாரம். மழையை நம்பிய கரிசல் காடு கோவில் சுவர் வரை வந்து நிற்கிறது. பருத்தி எடுத்து முடிந்த மார் இன்னும் பிடுங்கப்படாமல் வெயிலில் நிற்கிறது. மேற்கே சாப்டூர்ப் பக்கம் சதுரகிரி மலை இருக்கிற இடத்தில் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. தாழ்வாரத்தில் உபதேசியார் உட்கார்ந்து பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கெண்டி, மடித்து அடுக்கிய துண்டுகள், பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரின் பெயர் எழுதிய நோட்டுத் தாள். ஒன்பதாவது பெயரை அடித்து, பிறகு மறுபடி எழுதி, திரும்பவும் அடித்திருந்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் தூணில் சாய்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தானாம். ஓட்டுப் போட லீவு கேட்கிறாயா, பெரிய வெள்ளிக்கு லீவு கேட்கிறாயா என்று சூப்பர்வைசர் கேட்டாராம். "ரெண்டுக்கும் ஒரே லீவுதாண்ணேன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டாரு." இடது ஆள்காட்டி விரலில் நகத்திலிருந்து முதல் கணு தாண்டி மை இறங்கியிருந்தது. மற்ற விரல்களைவிட அது மட்டும் வேறு யாருடைய விரலோ மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்தக் கிழவி வந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் உத்தரியம், இடுப்பில் சுருக்குப்பை. எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வந்ததும் கோவிலுக்குள் போகவில்லை. தாழ்வாரத்துத் திண்டில் உட்கார்ந்துகொண்டு, "சாமி வந்துட்டாகளா?" என்றார்.

"கெடையில கெடக்குறவகளுக்கு நற்கருணை நன்மை குடுக்கப் போயிருக்காரு பெரியாத்தா. என்ன வேணும்?"

"ஒரு சந்தேகம்."

"பாவசங்கீர்த்தனமா?"

"அது என்னன்னு தெரிஞ்சாத்தான பாவசங்கீர்த்தனம் பண்றதா வேணாமான்னு தெரியும்."

உபதேசியார் புளியைக் கீழே வைத்தார். கிழவி சுருக்குப்பையைத் திறந்து இரண்டு கவர்களை எடுத்துத் திண்டின்மேல் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று காக்கி. இரண்டையும் பிரித்த மாதிரித் தெரியவில்லை. எந்தக் கட்சி எது என்று அவர் சொல்லவில்லை, நானும் எழுதப் போவதில்லை. அது இந்தக் கதைக்குத் தேவையும் இல்லை.

வெள்ளைக் கவர் கொண்டுவந்தவன் வீட்டுக்குள் வந்து, சுவரில் இருந்த வேளாங்கண்ணி மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறான். "எங்களுக்கும் மாதா சாமிதான் அப்பத்தா. அதும் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றிருக்கிறான். சொல்லிவிட்டார். மறுநாள் மகளிர் குழுவில் இருக்கும் இரண்டு பெண்கள், வாக்காளர் பட்டியலில் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்து, காக்கிக் கவரைக் கையில் வைத்து, கையில் அடித்துக் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் சரி என்று சொல்லியாயிற்று.

"ரெண்டு சத்தியம் பண்ணிட்டேன் உபதேசியாரே. ஓட்டு ஒண்ணுதான இருக்கு. காலையில போயி அமுக்கிட்டு வந்துட்டேன். எப்படிப் பாத்தாலும் ஒரு சத்தியம் பொய்யாப் போச்சு. பெரிய வியாழக்கெழம அதுவுமா எப்படி நன்மை வாங்குறது?"

பையன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். "அப்பத்தா, வாங்குனதே தப்பு. அதை விட்டுட்டு சத்தியத்தைப் பத்திப் பேசுறீங்க."

"நீ போடா. உங்கப்பன் வாங்கல?"

பையன் மறுபடி செல்போனுக்குள் போய்விட்டான்.

அந்த வாரம் இந்தப் பக்கத்து டீக்கடை எதிலும் வேறு பேச்சே இல்லை. இரண்டு நாளைக்கு முன்னால்தான் பணப் பட்டுவாடாவுக்காக வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்து குடியரசுத் தலைவர் உத்தரவு போட்டிருந்தார். அதே இரவு, உசிலம்பட்டிக் கணவாய் தாண்டினால் வந்துவிடும் ஆண்டிபட்டியில், வருமான வரிக்காரர்கள் கட்சி ஆபீஸ் ஒன்றில் நுழைந்து 1.48 கோடி ரூபாய் எடுத்தார்கள். கவர்களில் வார்டு எண் எழுதி, தலைக்கு 300 என்று கணக்கும் போட்டிருந்தது. போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டியதாயிற்று. இதற்கெல்லாம் தாத்தா பக்கத்துத் திருமங்கலம். 2009 ஜனவரியில் அங்கே நடந்த இடைத்தேர்தலில் 88 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. 'திருமங்கலம் ஃபார்முலா' என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. காலைச் செய்தித்தாளுக்குள் பூத் சிலிப்போடு சேர்த்துக் கவரும் வந்து விழுந்ததாக அமெரிக்கத் தூதரகக் குறிப்பு ஒன்றில் எழுதி அனுப்பியிருந்தார்கள். 2011-இல் விக்கிலீக்ஸ் வழியாக அது வெளியே வந்தது. வாஷிங்டனுக்குப் புதுச் செய்தி. திருமங்கலத்துக் காய்கறிக் கடைக்காரருக்கு அல்ல.

கொடுத்தவன், வாங்கியவர் இருவருக்கும் ஓராண்டு வரை சிறை என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. மாதா படத்துக்கு முன்னால் வாங்கிய அந்த வார்த்தைக்கும் சட்டம் உண்டு. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, இப்படி ஓட்டுப் போட்டால் தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்ப வைப்பதை ஊழல் முறை என்கிறது. சாமியார்களையும் மடாதிபதிகளையும் பாதிரியார்களையும் நினைத்து எழுதிய வரி அது. ஆனால் இங்கே தெய்வ கோபத்தைக் காட்டிப் பயமுறுத்துவது சாமியார்கள் அல்ல, கவர் கொண்டுவருகிற பூத் கமிட்டிக்காரன்தான்.

நாலரைக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பங்குச் சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது, திண்டுக்கல் பக்கத்துக்காரர். வண்டியை நிறுத்தியதும் முதலில் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். அவரும் காலையிலேயே போட்டுவிட்டார்.

"தோத்திரம் சாமி."

"தோத்திரம் பாட்டி. உள்ள வாங்க, நாற்காலியில உக்காந்து பேசலாம்."

"வேணாம் சாமி. இது எல்லாரும் கேக்கலாம்."

எல்லாரும் கேட்டோம். கிழவி உபதேசியாரிடம் சொன்னதையே வரி பிசகாமல் சொன்னார். சாமி தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "பாட்டி, ஒருத்தன்கிட்ட நாளைக்கு உனக்காகக் களவாண்டுட்டு வாரேன்னு வாக்குக் குடுத்துட்டீங்கன்னு வைங்க. அந்த வாக்கைக் காப்பாத்தணுமா?" என்றார்.

"களவாங்குறதும் ஓட்டுப் போடுறதும் ஒண்ணா சாமி?"

சாமி ஒரு நிமிடம் பேசவில்லை. கிழவி விடவில்லை.

"நான் மொதல்லயே அந்த வெள்ளக் கவருக்காரனுக்குத்தான் போடுறதா இருந்தேன். அவன் காசே குடுக்காம வந்திருந்தாலும் அதுக்குத்தான் போட்டிருப்பேன். அவன் யாரு? எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு இழுத்தப்ப ராத்திரி ஒரு மணிக்கு வண்டி கொண்டாந்தவன். உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில விடியிற வரைக்கும் நின்னவன். இப்பக் கவரைக் குடுத்துட்டான். குடுத்ததனால நல்ல ஓட்டு கெட்ட ஓட்டாப் போச்சா?"

ஓட்டை விற்றுவிட்டார்கள் என்று பட்டணத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு (நானும் அதில் ஒருவன்) இந்தக் கேள்வியின் பாதி கூடக் காதில் விழுவதில்லை. கவர் தனியாக வருவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு ராத்திரி ஒரு மணி இருக்கிறது. செஞ்சோற்றுக் கடன் என்று பெயர் வைத்து நாமே நூற்றாண்டுகளாகக் கொண்டாடிய சமாச்சாரம் அது. அதைத் தெரிந்துதான் கட்சிக்காரர்கள் முகம் தெரியாத ஆளிடம் கவரைக் கொடுத்து அனுப்புவதில்லை. வண்டி கொண்டுவந்தவனிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். மனசாட்சி இல்லாதவர்களிடம் இந்த வியாபாரம் நடக்காது. வாங்கிக்கொண்டு வேறு ஆளுக்குப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். மனசாட்சி உறுத்துகிற கிழவிகளை நம்பித்தான் கோடிக்கணக்கில் முதல் போடுகிறார்கள்.

திருச்சபையின் புத்தகங்களில் இதற்கெல்லாம் பதில் உண்டு. வரி கட்டுவதும் ஓட்டுப் போடுவதும் ஒழுக்கக் கடமை என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2240-ஆவது எண்ணில். மனசாட்சி என்பது மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் உள்ளறை என்ற பொருளில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சொன்னது. எந்த அரசியல் அமைப்போடும் திருச்சபை தன்னைக் கட்டிக்கொள்வதில்லை என்பதையும் அதே ஏட்டில் எழுதி வைத்தது. குருக்கள் கட்சி வேலை பார்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1949-இல் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேரக்கூடாது என்று ரோமாபுரி ஆணை போட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1957-இல் வந்த நம்பூதிரிபாடு அரசை இறக்க நடந்த விமோசன சமரத்தில் ஆயர்களும் குருக்களும் வெளிப்படையாகவே நின்றார்கள். 1959-இல் அரசு கலைந்தது. ஆயர்களின் இப்போதைய சுற்றறிக்கைகள் பக்குவமாக இருக்கின்றன. ஓட்டுப் போடு, விற்காதே, ஜெபம் செய். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கத்தோலிக்க ஓட்டு என்றால் கருக்கலைப்புதான் முதல் பேச்சு. அதை ஆதரிக்கும் அரசியல்வாதிக்கு நற்கருணை கொடுக்கலாமா என்று 2004-இலிருந்து சண்டை. 2024 செப்டம்பரில் விமானத்தில் நிருபர்கள் கேட்டபோது போப் பிரான்சிஸ், குடியேறிகளைத் துரத்துகிறவர், கருவைக் கலைக்கச் சொல்கிறவர் இருவருமே உயிருக்கு எதிரானவர்கள், குறைந்த தீமை எதுவென்று அவரவர் மனசாட்சிதான் பார்க்க வேண்டும் என்ற பொருளில் சொல்லிவிட்டார். இந்தத் தாழ்வாரத்தில் அந்தப் பேச்சு ஒருநாளும் வந்ததில்லை. வந்திருக்க வேண்டிய ஊர் இது. பெண் சிசுக்கொலை என்று 1986-இல் இந்தியா டுடே அட்டைப்படக் கட்டுரை போட்டது உசிலம்பட்டியை வைத்துத்தான். எருக்கம்பாலும் நெல்லும் இந்தியா முழுக்கப் பத்திரிகைகளில் வந்தன. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. ஆனால் பிறந்த பெண்பிள்ளை உயிரோடு இருப்பதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டு இங்கே யாரும் ஓட்டுக்கு விலை வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கோவிலும் கேட்கச் சொல்லவில்லை. வரதட்சணைக்கு நகை சேர்க்க முடியாத வீடுகள் அன்றும் ஓட்டுப் போட்டன, இன்றும் போடுகின்றன.

சாமி கடைசியில் சொன்னது சின்ன பதில்தான். "யாருக்குப் போட்டீங்கன்னு நான் கேக்க மாட்டேன் பாட்டி. காசுக்காகப் போடலேன்னா ஓட்டு கெடல. ஆனா அந்தக் கவரை வீட்டுல வச்சுக்காதீங்க."

"திருப்பிக் குடுத்தா மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிரும் சாமி. அவன் மனசு ஒடைஞ்சு போவான்."

"திருப்பிக் குடுக்கச் சொல்லல."

சாமி உள்ளே போய்விட்டார். குருமடத்தில் படித்தது ஞாபகம் வந்துதான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். விற்கக் கூடாததை வாங்கக் கொடுத்த பணம் கொடுத்தவனுக்கும் திரும்பப் போகக் கூடாது, வாங்கியவரிடமும் தங்கக் கூடாது, தர்மத்துக்குப் போக வேண்டும் என்பது புனித அக்குவினா தோமையாரின் கணக்கு. அவர் அதைச் சொன்னது திருச்சபைப் பதவிகளைக் காசுக்கு விற்றவர்களைப் பற்றி. எழுநூறு வருஷம் கழித்துக் கரிசல் காட்டுக்குப் பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

ஐந்தரை மணிக்கு ஒன்பதாவது பெயர்க்காரர் வந்தார். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது. பைக்கை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு உபதேசியாரைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் நான்கு அடி தள்ளி.

"அண்ணே, என் பேரை எடுத்துருங்க."

"எடுத்து, சேத்து, மறுபடி எடுத்துட்டேன்யா. சொல்லி வச்சிருக்கேன் சாமிகிட்ட."

"பூசைக்கு வருவேன். பின்னாடி நிப்பேன். கால் மட்டும் நீட்ட மாட்டேன். எவனாவது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சிருவான். லோக்கல் பாடி எலெக்சன் எப்ப வேணும்னாலும் வரும்."

உபதேசியார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவருடைய வார்டு பட்டியல் சாதிக்கு ஒதுக்கியது. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதி. பிறகு 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் பிற்படுத்தப்பட்டோர் ஆகிவிடுவார். சேரி அதே சேரி, தெருக்குழாய் அதே தெருக்குழாய், சில ஊர்களில் கல்லறை கூடத் தனிக் கல்லறை. சான்றிதழ் மட்டும் மாறிவிடும். ஆகவே தாலுகா ஆபீஸ் ஏட்டில் ஒரு பெயர், கோவில் ஞானஸ்நான ஏட்டில் ஒரு பெயர். ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக ஆயர்கள் அனுசரிக்கிறார்கள். கறுப்புக் கொடி கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்த இரண்டு பெயரும் அப்படியேதான் இருக்கின்றன.

இந்தப் பக்கத்தில் தனி வார்டு, தனிப் பஞ்சாயத்து என்பது சின்ன ஆசை அல்ல. உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஒதுக்கப்பட்ட தலைவர் நாற்காலியில் ஒருவரை உட்கார வைக்க 1996-இலிருந்து 2006 வரை ஆயிற்று. மேலூர்ப் பக்கம் மேலவளவில் அப்படி ஜெயித்து உட்கார்ந்த முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டும் நிற்க ஆசைப்படுகிறவன் விளையாட்டுக்கு ஆசைப்படவில்லை.

அவர் பயந்ததும் வீண் பயம் அல்ல. 2023 மார்ச்சில், தேவிகுளம் தனித் தொகுதியில் ஜெயித்த தமிழரான ஏ. ராஜாவின் வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அவர் கிறிஸ்தவர் என்று காட்டக் கோவில் பதிவேடுகளும் கல்யாணப் போட்டோக்களும் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி அவர் பதவியைத் திருப்பிக் கொடுத்தது. இடையில் 2024 நவம்பரில், புதுச்சேரி வழக்கு ஒன்றில், கோவிலுக்குப் போய்க்கொண்டே வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசியல் சாசனத்தையே ஏமாற்றுவது என்று அதே உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொல்லியிருந்தது. பெரிய வியாழனன்று தாம்பாளத்தில் கால் வைப்பது ஒருநாள் சாட்சியாக மாறலாம் என்று அந்த மனிதர் வேப்பமரத்தடியில் நின்று யோசித்தது எந்த வக்கீலும் சொல்லிக் கொடுக்காமல் யோசித்தது.

ஓட்டு விஷயத்தில் மனசாட்சிப்படி நட என்று சுற்றறிக்கை எழுதுவது சுலபம். வேட்பாளராக நிற்பதற்கே மதத்தைச் சட்டைப்பைக்குள் மறைக்க வேண்டியவனுக்கு அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரி கூட இல்லை. இவரைக் கோழை என்றோ ஏமாற்றுக்காரர் என்றோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவரை அதே தெருவில் வைத்திருக்கிற ஊர்தான் ஏமாற்றுகிறது. அவருடைய இடத்துக்கு உபதேசியார் ஒரு பெண்ணின் பெயரை எழுதினார், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 2016-க்கு முன்னால் அதுவும் நடந்திருக்காது. அந்த வருஷம் ஜனவரியில்தான் பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் உட்காரலாம் என்று ரோமாபுரி விதியை மாற்றியது.

ஏழு மணிப் பூசை ஏழே காலுக்குத் தொடங்கியது. 'உன்னதங்களிலே' பாடும்போது கோவில் மணியைத் திருப்பூர்ப் பையன் கயிறு அறுந்துவிடும் போல இழுத்தான். இனி சனிக்கிழமை இரவு வரை மணி கிடையாது, மரத்தட்டைதான்.

யூதாஸ் எழுந்து போன ராத்திரி இது. முப்பது வெள்ளிக்காசு. எதிரே பெஞ்சுகளில் விரல் விரலாக மை. எந்தப் பிரசங்கியாருக்கும் நாக்கு அரிக்கும். சாமி யூதாஸ் பெயரை எடுக்கவே இல்லை. தன் காலைக் கழுவ விடமாட்டேன் என்று அடம்பிடித்த பேதுருவைப் பற்றி ஏழெட்டு நிமிடம் பேசிவிட்டு மேலங்கியைக் கழற்றினார். எனக்கு அது சரியாகப் பட்டது. யூதாஸ் வாங்கியது விற்க. இங்கே பாதிப் பேர் வாங்கியது, வேண்டாம் என்று சொன்னால் நாளைக்கு நூறு நாள் வேலை அட்டையிலோ ரேஷன் கடை வரிசையிலோ அது திரும்பி வரும் என்பதால்.

பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். வலது காலை மட்டும் நீட்ட வேண்டும். நூறு நாள் வேலைக்காரப் பெண்ணின் குதிகாலில் பித்த வெடிப்பு, வெடிப்புக்குள் கரிசல் மண். வீட்டிலேயே தேய்த்துக் குளித்திருப்பார், போகவில்லை. சாமி கெண்டியைச் சாய்த்தார். முதல் தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை. பெருவிரலால் வெடிப்பைத் தேய்த்தார். தாம்பாளத்துத் தண்ணீர் லேசாகக் கறுத்தது. அந்தப் பெண் இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டிருந்தார். மை தெரியக் கூடாது என்றா, கூச்சமா, தெரியவில்லை. கடைசித் தூணுக்குப் பின்னால் ஒன்பதாவது பெயர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்ணின் காலைத் துடைத்துச் சாமி குனிந்து முத்தமிட்டபோது அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நன்மை வாங்க வரிசை வந்தது. கையில் வாங்குகிறவர்கள் வலது உள்ளங்கையின்மேல் இடது உள்ளங்கையை விரித்து நீட்டினார்கள். ஒவ்வொரு அப்பத்துக்கும் பக்கத்தில் ஒரு கறுப்பு விரல். சாமியின் கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. கிழவி வரிசையில் வருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். அவர் பழைய ஆள், நாக்கில்தான் வாங்குவார். கண்ணை மூடி, கையைக் கூப்பி, நாக்கை நீட்டினார். ஒன்பதாவது பெயர்க்காரர் வரவில்லை. அந்த வருஷம் டிசம்பர் 27-ஆம் தேதியும் 30-ஆம் தேதியும் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர் நின்றாரா, ஜெயித்தாரா என்று எழுதினால் ஆளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

நற்கருணையை இடம் மாற்றி வைத்து ஆராதனை தொடங்கியதும், வயசாளிகள் காற்றுக்காகத் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். கிழவி அதே திண்டில் உட்கார்ந்தார். மறுபடி சுருக்குப்பை திறந்தது.

"உபதேசியாரே, நாளைக்குச் சிலுவை முத்தி செய்யும்போது காணிக்கைத் தட்டு வைப்பீகள்ல?"

"வைப்போம்."

"இத ரெண்டையும் அதுல போட்டுர்றேன். தர்மத்துக்குப் போயிரும்."

உபதேசியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெரியாத்தா, யூதாஸ் தூக்கிப் போட்ட காசையே பெரிய குருக்கள் காணிக்கைப் பெட்டியில சேக்கல. கொயவன் நெலம் வாங்கி அனாதைப் பொணத்தைப் பொதைக்க விட்டாக. பைபிள்ல இருக்கு. அதோட நாளைக்கு விழுகுற காணிக்கை இங்க நிக்காது. பெரிய வெள்ளிக் காணிக்கை எருசலேமுக்குப் போறது. உலகம் பூராவும் அப்படித்தான்."

"அந்தக் கொயவன் நெலமும் எருசலேம்லதான இருக்கு?"

உபதேசியார் வாயைத் திறந்து மூடினார்.

"அப்பறம் என்ன. அங்கயே போகட்டும். அங்க எலெக்சன் கிலெக்சன் இருக்காதுல்ல."

தூணில் சாய்ந்திருந்த பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போன வாரந்தான் அப்பத்தா அங்க எலெக்சன் முடிஞ்சுச்சு. ஒம்பதாம் தேதி."

கிழவி கவர்களை மறுபடி பைக்குள் வைத்து நாடாவை இழுத்தார்.

"அங்கயும் குடுத்தாய்ங்களாமா?"